ஒரே பை, தனித்தனி ஏடுகள்: எங்கள் உடல்நலக் குறிப்பேடு உருவான விதம்

உணவுக் கட்டுப்பாட்டைத் தனித்தனியே தொடங்கித் தனித்தனியே கைவிட்ட பெண்கள் சிலர், இனிச் சேர்ந்து செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எங்களுள் கல்லூரிப் படிப்பை அண்மையில் முடித்தவரும் உண்டு, மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவரும் உண்டு. தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை என ஆளுக்கொரு மருந்தும், ஆளுக்கொரு டயட் திட்டமும் இருந்தன. இத்தனை வேறுபாடுள்ளவர்களுக்கு ஒரே உணவுப் பட்டியலைத் தயாரிப்பது வீண்வேலை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால், அளக்கும் கருவிகளையும் அளக்கும் முறையையும் பொதுவாக வைத்துக்கொண்டு, அளவுகளை மட்டும் அவரவரிடமே விட்டுவிடுவது என்ற ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரு துணிப்பையில் எடை மெஷின், அளவு நாடா, இரத்த அழுத்தக் கருவி. ஒவ்வொருவர் கையிலும் ஒரே அமைப்பில் கோடிட்ட ஓர் ஏடு. அவற்றைப் பயன்பாட்டுக்கு ஏற்றவாறு சீர்செய்த விவரத்தை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எடை மெஷின்

எங்களிடம் வந்து சேர்ந்தது, ஒருவர் வீட்டில் பயன்படாமல் கிடந்த கண்ணாடித் தட்டுள்ள மின்னணு எடை மெஷின். ஒரே ஆள் இறங்கி ஏறினால் ஒன்றரைக் கிலோ வரை வேறுபட்ட எண்களைக் காட்டியது. தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று சிலர் கூறினாலும், மின்சாதனங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமுள்ள ஓர் அக்கா, இதைத் திறந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, மெஷினைக் கடினமான, சமமான தரையில் வைப்பது. கம்பளத்தின் மேலோ மிதியடியின் மேலோ வைத்தால், பாரம் நான்கு கால்களின் வழியாக மட்டும் இறங்காமல் மெஷினின் அடிப்பகுதி வழியாகவும் இறங்கிவிடுவதால் எண் தவறுகிறது. இரண்டாவது, இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் காலால் ஒரு தட்டுத் தட்டி, அது பூச்சியத்தைக் காட்டி அணையும் வரை காத்திருந்து, அதன் பிறகே ஏறுவது. இந்த இரண்டினாலேயே எங்கள் மெஷினின் தடுமாற்றம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் உள்ளே இருந்தது.

இவ்வகை மெஷின்களில் நான்கு கால்களிலும் ஒவ்வோர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிச் சுற்றின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறுகிறது. நான்கு கால்களிலிருந்தும் வரும் மாற்றங்கள் ஒரே மின்சுற்றில் இணைந்து எடையாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே ஒரு கால் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், நாம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்து எடை மாறும். இதைக் கண்டுபிடிக்க, நீர் நிரம்பிய ஒரே குடத்தை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மூன்று மூலைகளில் ஏறத்தாழ ஒரே எண். நான்காவது மூலையில் மட்டும் கணிசமாகக் குறைவு. அடித்தட்டின் திருகுகளைக் கழற்றியபோது, அந்தக் காலிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் ஒன்றின் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், மற்ற மூன்று கால்களிலும் நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பி ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 1000 ஓம், இரண்டு ஓரக்கம்பிகளுக்கு இடையே அதைப் போல் இருமடங்கு எனச் சீராக இருந்தன. பழுதுபட்ட காலில் மட்டும் எண் நிலைகொள்ளாமல் ஓடியது. அந்த இடத்தை மீண்டும் ஈயப்பற்று வைத்து, கம்பி ஆடாதபடி சூட்டுப் பசையால் ஒட்டியதும் நான்கு மூலைகளும் ஒத்துப்போயின. பேட்டரி அறையின் தகடுகளில் வெண்மையாகப் பூத்திருந்த கசிவையும், பஞ்சில் சில துளி எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்து, ஈரம் போக உலரவிட்டோம். பேட்டரிக் கசிவு காரத்தன்மை உடையது. எனவே புளிப்பான சாறு அதைக் கரைத்து எடுத்துவிடுகிறது. கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

சரியாக இயங்குகிறதா என்று சோதிப்பதில் ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். சில மெஷின்கள், முன்பு காட்டிய எடைக்கு மிக நெருக்கமான எடை மறுபடி ஏறினால், பழைய எண்ணையே திரும்பக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. பயனர் தடுமாற்றத்தைக் கண்டு புகார் சொல்லாமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு. ஆகவே ஒரே ஆள் அடுத்தடுத்து ஏறி ஒரே எண் வந்தால் மெஷின் துல்லியமானது என்று கொள்ள முடியாது. நடுவில் வேறு எடையுள்ள ஒருவர் ஏறி இறங்கிய பின் முதலாமவர் ஏற வேண்டும். அடுத்ததாக நீர்ச் சோதனை: ஒருவர் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு ஏறி எடையைக் குறித்த பின், அளவுக் குவளையால் பத்து லிட்டர் நீரை அளந்து அதே வாளியில் ஊற்றி மறுபடி ஏறினால், வேறுபாடு பத்துக் கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு கிராம்தான் குறைவு என்பதால், நூறு கிராம் வரை மட்டுமே காட்டும் வீட்டு மெஷினுக்கு இந்தக் கணக்கு போதும். எங்களுக்கு வந்த வேறுபாடு நூறு கிராம் அளவுக்குள் அடங்கியதால் மெஷின் பையில் இடம்பிடித்தது.

எடைக்கான பக்கம்

மெஷின் சரியாகிவிட்டது என்பதற்காக அது காட்டும் எண்ணையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. தானிய உணவைத் திடீரென்று குறைத்த முதல் சில நாட்களில் எடை மளமளவென்று இறங்குவதும், ஒரு விருந்துக்குப் பிறகு அதே வேகத்தில் ஏறுவதும் பெரும்பாலும் இந்த நீரின் வரவுசெலவே. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் நீரைத் தேக்குவதால் ஒன்று அல்லது இரண்டு கிலோ கூடித் தெரிவதும் பலருக்கு வழக்கம். வாரந்தோறும் ஒரு குறிப்பிட்ட கிழமையில் எடை பார்த்து, சென்ற வாரத்தோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோவது எங்களுள் பலர் அதற்கு முன் பழகியிருந்த முறை. நான்கு வாரச் சுழற்சியில் இயங்கும் உடலை ஒரு வார இடைவெளியில் ஒப்பிட்டால் அது ஏமாற்றத்தையே தரும்.

அதனால் ஏட்டின் எடைப் பக்கத்தைத் தேதிவாரியாக அமைக்காமல், மாதவிடாய்ச் சுழற்சியின் நாள்வாரியாக அமைத்தோம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சுழற்சியின் முதல் நாள், இரண்டாம் நாள் என வரிசை. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு நெடும்பத்தி. இப்படி எழுதினால், இந்தச் சுழற்சியின் பத்தாம் நாள் எடை, சென்ற சுழற்சியின் பத்தாம் நாள் எடைக்கு நேர் பக்கத்தில் வந்து அமர்கிறது. ஒத்த நிலையை ஒத்த நிலையோடு ஒப்பிட முடிகிறது. மாதவிடாய் நின்றவர்களும் ஒழுங்கற்ற சுழற்சி உள்ளவர்களும் ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதும் வேறொரு பக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள். எடை பார்ப்பது காலையில், கழிவறைக்குச் சென்று வந்த பின், எதுவும் உண்பதற்கு முன். பை கைமாறிக்கொண்டே இருப்பதால் எல்லா நாளும் எடை பார்க்க இயலாது. அது குறை என்று நான் கருதவில்லை. தினமும் மெஷினில் ஏறுவது சிலருக்கு ஊக்கம், சிலருக்கு நாள் முழுதும் தீராத சஞ்சலம்.

கணக்கில் ஆர்வமுள்ள தங்கை ஒருத்தி, ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7700 கலோரி என்ற பழைய சூத்திரத்தை வைத்து, தினம் 500 கலோரி குறைத்தால் ஓராண்டில் எத்தனை கிலோ குறையும் என்று வகுத்துக் கொண்டுவந்தாள். கணக்கில் பிழையில்லை, உடல்தான் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. எனவே அதே உணவில் இறக்கத்தின் வேகம் தளர்ந்து, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிந்திருப்பவர், எடை நின்ற மாதத்தில் தன் மன உறுதியைக் குறைகூற மாட்டார். இந்த விளக்கத்தை எடைப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக எழுதி வைத்தோம்.

நாடாவும் நூலும்

துணி நாடா பயன்படுத்தப் பயன்படுத்த நீள்கிறது. தையல் செய்யும் அக்காவின் பழைய நாடாவை இரும்பு அளவுகோலோடு ஒட்டிவைத்துப் பார்த்ததில், ஒரு மீட்டருக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு தெரிந்தது. கண்ணாடியிழை கலந்த நாடா நீளாது என்பதால் அதற்கு மாறினோம்.

இடுப்புச் சுற்றளவை எங்கே எடுப்பது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது: சிலர் தொப்புளில், சிலர் ஆடை கட்டும் இடத்தில், சிலர் மிகக் குறுகிய இடத்தில். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, விரலால் தொட்டு உணரக்கூடிய கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும், இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடா சுற்ற வேண்டும்; இயல்பாக மூச்சை விட்ட முடிவில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளவைப் படிக்க வேண்டும். இந்த ஓர் அளவைப் பொறுத்தவரை இன்னொரு பெண்ணின் துணை உண்மையிலேயே தேவைப்படுகிறது. முதுகுப் பக்கம் நாடா மேலேறியிருக்கிறதா, தரைக்கு இணையாக இருக்கிறதா என்பதைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கை வரம்பாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது.

எண்ணே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நூல் போதும். உயரத்தின் அளவுக்கு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றினால் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும். இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற இந்த அளவுகோலைப் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2022இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. எங்களுள் ஒருவர் எடை மெஷினைப் பார்த்தாலே பதற்றம் வருகிறது என்று முதலிலேயே கூறிவிட்டார். அவருடைய ஏட்டில் எடைப் பக்கமே இல்லை, ஓர் உறையில் அந்த நூல் மட்டும் இருக்கிறது.

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ.யை ஏட்டில் சேர்க்கலாமா என்று நீண்ட வாதம் நடந்தது. அதன் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜியத்து அறிஞர் அடோல்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்த கணித அறிஞர். அன்செல் கீஸ் என்பவர்தான் 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அந்த எண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆசியர்களுக்கு 23 என்ற அளவிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியிருப்பதால், மருத்துவரிடம் பேசும்போது தேவைப்படலாம் என்று அட்டையின் உள்பக்கத்தில் ஒரு முறை மட்டும் எழுதி வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

இரத்த அழுத்தக் கருவி

இதில் பழுது பார்க்க எதுவும் இல்லை. பழகிக்கொள்ள நிறைய இருந்தது. கையில் சுற்றும் பட்டையின் அளவுதான் முதல் சிக்கல். வீட்டுக் கருவிகளோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள மேற்கைக்கானது. பட்டை சிறியதாக இருந்தால் கருவி உண்மையைவிட அதிகமான அழுத்தத்தைக் காட்டும். எங்களுள் இருவரின் மேற்கைகள் அந்த அளவைத் தாண்டியிருந்தன. பெரிய பட்டை வாங்கி அளந்தபோது இருவருக்குமே எண் இறங்கியது. உடல் பருமனான பெண்ணுக்குப் பிரஷர் இருக்கத்தான் செய்யும் என்று முடிவுகட்டிவிடும் உலகத்தில், பட்டையின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையிலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

அளக்கும் முறையை ஓர் அட்டையில் எழுதிக் கருவியோடு கட்டினோம். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், உடற்பயிற்சி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். கையை மார்பின் உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். பட்டை இறுகும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். கை தாழ்ந்திருந்தால் எண் கூடும் என்பதைச் சோதிக்க, ஒருவர் கையை மேசையில் வைத்தும் மடியில் வைத்தும் அளந்து பார்த்தார். வேறுபாடு அனைவருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. பேசக் கூடாது என்ற விதிதான் எங்கள் கூட்டத்தில் அதிகமாக மீறப்படுகிறது.

ஒரு நாள் அளவை வைத்து எதுவும் முடிவு செய்வதில்லை. கருவி ஒரு வாரம் ஒருவரிடமே இருக்கும். காலை இரண்டு, மாலை இரண்டு என அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுக்கிறோம். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பது மருத்துவமனையில் அளக்கும் 140/90க்கு ஈடாகக் கருதப்படுகிறது. சராசரி அதைத் தொட்டால் ஏட்டோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கத் தளர்ச்சி ஆகியவற்றுள் எது இருந்தாலும் சராசரிக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது; உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். கருவுற்றிருப்பவருக்கு 140/90 என்பதே அன்றே மருத்துவரை அழைக்க வேண்டிய அளவு.

சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் வைக்கலாம் என்ற யோசனையைச் சுருக்கமாகவே தள்ளிவிட்டோம். விரலில் குத்தும் பேனாவை ஒருவருக்கு மேல் பயன்படுத்தினால், ஊசியை மாற்றினாலும்கூட, இரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சள்காமாலை போன்ற தொற்றுகளுக்கு இடமுண்டு. அது தனிக் கருவியாகவே இருக்க வேண்டியது.

மாத்திரை நாடா

நான் எதிர்பாராத அளவுக்குப் பயன்பட்டது ஒரு காகிதத் துண்டு. இருபத்து நான்கு கட்டங்கள் வரைந்த நீளமான தாளில், ஒவ்வொருவரும் தாம் சாப்பிடும் மாத்திரை, சத்துமாத்திரை, தேநீர், காபி, உணவு ஆகியவற்றை நேரப்படி குறித்து வந்தார்கள். தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் நீரோடு விழுங்கி, உணவுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையேல் அது உடலில் சரியாகச் சேராது. இருவரின் தாளில் மூன்றும் ஒரே கட்டத்தில் இருந்தன. எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட்டால் மறக்காது என்ற நல்லெண்ணம்தான் காரணம். இன்னொருவர் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கி வந்தார். தேநீரும் காபியும் இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன, வைட்டமின் சி உள்ள பழமோ சாறோ அதைக் கூட்டுகிறது. கட்டங்களை மாற்றி எழுதும் முன் அவரவர் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தாளைக் காட்டினார்கள்.

கூந்தல் உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் எங்களுள் பலர். அது இரத்தப் பரிசோதனை சிலவற்றின் முடிவைத் திரித்துவிடுகிறது. தைராய்டு அளவு உண்மைக்கு மாறாகத் தெரியக்கூடும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதுபற்றி எச்சரித்தது. தைராய்டுப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அதை நிறுத்த வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை என்பதால், பரிசோதனைக்குச் செல்பவர் ஆய்வகத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினோம். அதன் கீழே இன்னொன்று: கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, இரும்புக் குறைபாடு உள்ளவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும். களைப்பு, மூச்சிரைப்பு, எடைக் கூடுதல் ஆகியவற்றை எல்லாம் சோம்பல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கத்துக்கு இந்தத் தாள் ஓரளவு முற்றுப்புள்ளி வைத்தது.

சமையலறையில் இரண்டே குறிகள்

உணவை எடைபோட்டுக் கலோரி எழுதும் பக்கத்தைச் சிலர் ஆர்வமாகத் தொடங்கினார்கள்; வீட்டு வேலைகளுக்கு நடுவே அது நிலைக்கவில்லை. நிலைத்தவை எண்ணெய்ப் புட்டியிலும் உப்பு ஜாடியிலும் ஒட்டிய இரண்டு தேதிச் சீட்டுகள். புட்டியைத் திறந்த தேதியை எழுதினால், அது எத்தனை நாளில் தீர்ந்தது என்பது தானே தெரிந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. கரண்டியைப் பிடித்து எண்ணாமல், புட்டியின் ஆயுளை நீட்டுவது என்று இலக்கு வைத்தபோது வீட்டிலுள்ள மற்றவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். நால்வர் உள்ள வீட்டில் முப்பது நாளைக்கு 600 கிராம். கடையில் வாங்கும் தின்பண்டங்களிலும் ஊறுகாய் வகைகளிலும் உள்ள உப்பு இதற்குள் அடங்க வேண்டும் என்பதால், ஜாடி அதைவிட மெதுவாகவே காலியாக வேண்டும். முதல் மாதத்தில் எவர் வீட்டிலும் அப்படி நடக்கவில்லை.

புரதத்துக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற அளவில் 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். எடை குறைக்கும்போது தசையும் சேர்ந்து கரைவதைத் தடுக்க, புரதத்தோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகத் தேய்வதால் மூத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்று நம்பியிருந்த எங்கள் பெரியவர்களை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சிக்குக் கொண்டுவர, இளையவர்கள் அதைத் தாங்களும் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது.

பகிர்வதற்கான மூன்று வரிகள்

நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெச் என்ற பெண்மணி 1961இல் தன் தோழிகளை வீட்டுக்கு அழைத்து உணவு ஆசைகளைப் பற்றி மனம் விட்டுப் பேசத் தொடங்கியதுதான், 1963இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. தோழிகளோடு பேசுவதில் இருந்த பலனை அவர் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் கூட்டத்தில் எடை பார்க்கும் வழக்கம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. எண் வெளிவந்துவிட்டால் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே போகிறது. எங்கள் சந்திப்பில் ஏட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கிறோம். அதில் மூன்று வரிகள்: இந்த வாரம் செய்தது, செய்யவிடாமல் தடுத்தது, கேட்க விரும்புவது. எடையைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது வரிதான் எங்கள் சந்திப்பின் உயிர். இரவில் குழந்தை தூங்கவிடவில்லை, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது, வேலையில் உணவு இடைவேளையே கிடைக்கவில்லை என்று அங்கே எழுதப்படுபவற்றுக்கு டயட் திட்டம் எதிலும் பதில் கிடையாது. பக்கத்தில் வசிக்கும் இன்னொருத்தி ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் பதில் கிடைத்துவிடுகிறது. எடை குறைப்பதற்கென்று கூடிய நாங்கள் நாளடைவில் அதிக நேரம் செலவழித்தது இத்தகைய உதவிகளை ஒழுங்குபடுத்துவதில்தான்.

"மெலிந்துவிட்டாயே" என்று பாராட்டுவதை நிறுத்துவது என்று ஒரு விதி வைத்தோம். முதலில் இது சிலருக்கு விறைப்பாகத் தோன்றியது. பாராட்டைக்கூட அளந்து சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். பிறகு ஓர் அக்காவின் எடை மூன்று சுழற்சிகளாகத் தொடர்ந்து இறங்கியது. அவரும் மகிழ்ந்தார். ஆனால் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது, "செய்தது" என்ற வரி வாரக்கணக்கில் காலியாகவே இருந்தது. "தடுத்தது" என்ற வரியில் தாகம், இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிப்பதால் தூக்கமின்மை என்று எழுதியிருந்தார். ஒன்றும் செய்யாமல் எடை இறங்குவது மகிழ்ச்சிக்குரியது அல்ல என்று எங்களுள் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் எடுத்துக் கூறி, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க அனுப்பினார். முடிவு நீரிழிவு நோய்க்கான வரம்பாகிய 126ஐ வெகுவாகத் தாண்டியிருந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். வெறும் எடைப் பக்கம் மட்டும் இருந்திருந்தால் அவரைக் கைதட்டிப் பாராட்டியிருப்போம்.

அதன் பிறகுதான் ஏட்டின் முன்னட்டை உள்பக்கத்தில், நாங்கள் எங்களுக்குள் பேசித் தீர்க்கக் கூடாதவற்றை எழுதினோம்: முயற்சியின்றி ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைவது, மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் தென்படுவது, ஒரு மணிக்கு ஒரு நாப்கின் என்ற அளவில் நனைவது தொடர்வது, கருவுறாமலே மூன்று மாதம் மாதவிடாய் வராமலிருப்பது, மார்பில் புதிய கட்டி. சாப்பிட்ட பின் வேண்டுமென்றே வாந்தியெடுப்பது, பிறர் முன் உண்பதைத் தவிர்ப்பது, எடையைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் போவது ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. அப்படி ஒருவரைக் கண்டால் அவருக்கு எடை மெஷின் கொடுப்பதில்லை. மனநல மருத்துவரிடம் உடன் செல்ல ஒருவரை ஏற்பாடு செய்கிறோம். நாள் ஒன்றுக்கு 800 கலோரிக்குக் கீழான உணவுத் திட்டங்களை மருத்துவக் கண்காணிப்பின்றி எவரும் தொடங்குவதில்லை என்பதும் அங்கே உள்ளது. அதிவேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்புக் கூடுகிறது.

ஏட்டின் அடுத்த பதிப்பில் தூக்கத்துக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றும், மெனோபாஸ் நெருங்குபவர்களுக்கு உடற்சூட்டு அலைகளைக் குறிக்கத் தனிக் குறியீடு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். ஏட்டில் இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை என்பதால், பி.எம்.ஐ. வரியை எடுத்துவிடலாமா என்ற பழைய வாதம் மறுபடி தொடங்கியிருக்கிறது. பெரிய பட்டையின் ஒட்டுப்பகுதி பிடிப்பை இழந்து வருகிறது. காற்று ஏறும்போது அவிழ்ந்துகொண்டால் அந்த அளவை எழுதாமல் விட்டுவிடும்படி அட்டையில் ஒரு வரி கூட்டியிருக்கிறோம், புதிய பட்டை வரும் வரை.